சடன்லி: ‘திடீரென்று’ என்பதை ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒருநாள் ‘சட்டெண்டு வா’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். பாதிக்கு மேற்பட்ட கொப்பிகளில் ‘கம் சடன்லி’ என்று இருந்தது. பிள்ளைகளில் பிழை இல்லை. அகராதியில் சடன்லிக்கு நேரே ‘திடீரென, சட்டென’ என்று போட்டிருக்கிறது, அதை நம்பி எழுதினார்கள். ஆனால் அந்த ஆங்கில வசனத்தை ஆங்கிலம் தெரிந்த ஒருவர் கேட்டால், ‘நான் எதிர்பாராத நேரத்தில் வந்து என்னைத் திடுக்கிட வை’ என்று கேட்கிறாரோ என்று யோசிப்பார்.

இந்த ஒரு சொல்லை அடியிலிருந்து முடிவு வரை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். கட்டுரை, கடிதம், கதை என்று எதை எழுதினாலும் நம் பிள்ளைகள் கையில் முதலில் வரும் சொற்களில் இதுவும் ஒன்று. ஆங்கில உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் படித்துவிட்டுப் போகாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

முதல் படி: எழுத்தும் உச்சரிப்பும்

எழுத்துகள்: எஸ், யூ, இரண்டு டி, ஈ, என், எல், வை. இரண்டு டி இருப்பதை மறப்பது ஒரு பிழை. நடுவில் இல்லாத ஒரு டீயைச் செருகி ‘சடன்ட்லி’ என்று எழுதுவது இன்னொரு பிழை. இது நிறையப் பேருக்கு வருகிறது. சடன் என்ற சொல்லோடு லி சேர்கிறது, அவ்வளவுதான். நடுவில் வேறு எதுவும் இல்லை.

உச்சரிக்கும்போது அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும். யூ என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு ‘சூடன்லி’ என்று சொல்லக் கூடாது. ‘சட்டி’ என்பதில் வரும் ச போலச் சொன்னால் போதும். இரண்டாவது அசை மிகவும் மெலிந்து, பாதி விழுங்கினாற்போல் வரும். ‘சடென்லி’ என்று நடு அசையை அழுத்திச் சொன்னால் நம் ஊர்ப் பேச்சு போல இருக்குமே தவிர ஆங்கிலம் போல இருக்காது.

இரண்டாம் படி: உள்ளே இருக்கும் பொருள்

இதில் கொஞ்ச நேரம் நிற்போம். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

சடன் என்ற சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. ‘சுபீரே’ என்ற வினை. சுப் என்றால் கீழே, ஈரே என்றால் போவது. கீழால், மறைவாக, சத்தமில்லாமல் நெருங்கி வருவது என்று பொருள். காலடி கேட்காமல் ஒருவர் வந்து பக்கத்தில் நிற்பதை நினைத்துக் கொள்ளுங்கள். அவர் ஓடி வந்தாரா நடந்து வந்தாரா என்பது முக்கியமில்லை. வருவது நமக்குத் தெரியவில்லை என்பதுதான் முக்கியம்.

ஆகவே சடன்லி என்பதில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று, காரியம் கணப்பொழுதில் நடக்கிறது. மற்றது, அதற்கு யாரும் ஆயத்தமாக இருக்கவில்லை. இரண்டில் பெரிய பங்கு இரண்டாவதுதான். வேகத்தை மட்டும் சொல்ல வேண்டுமானால் ஆங்கிலத்தில் வேறு சொல் இருக்கிறது.

நம் வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணம். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கி, ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் முல்லைத்தீவுக் கரைக்கு அலை வந்தது. கடலில் அது நீண்ட பயணம். ஆனால் இந்து சமுத்திரத்தில் அன்று ஆழிப்பேரலை எச்சரிக்கை முறை ஒன்றும் இருக்கவில்லை. கரையில் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் அந்த நாளைப் பற்றி எழுதும்போது சடன்லி என்பது சரியான சொல். அலை எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்பது அந்தச் சொல்லை மாற்றாது.

இப்போது மாரி காலத்துக் குளத்தை எடுங்கள். நாலு நாள் அடைமழை. குளம் நிரம்பிக் கொண்டு வருவதைக் குளக்கட்டில் நிற்கிறவர் மணிக்கு மணி பார்க்கிறார். கடைசியில் வான் பாய்கிறது. அவர் எழுதினால் அங்கே சடன்லி வராது, ‘அட் லாஸ்ட்’ என்று வரும். அதே தண்ணீர் இரவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், நித்திரையில் இருந்த பிள்ளைக்கு அது சடன்லி. நிகழ்ச்சி ஒன்று, பார்க்கிறவர் இரண்டு பேர், சொல் மாறுகிறது. எழுதத் தொடங்குமுன் ‘யாருடைய கண்ணால் பார்க்கிறேன்?’ என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழை போய்விடும்.

மூன்றாம் படி: சட்டெண்டு, கெதியா, உடனே

‘கம் சடன்லி’ என்ற பிழை ஏன் வருகிறது? தமிழில் ‘சட்டென்று’ இரண்டு வேலை செய்கிறது. ‘சட்டெண்டு சாப்பிட்டு வா’ என்றால் விரைவு. ‘சட்டெண்டு கண் இருட்டிச்சு’ என்றால் எதிர்பாராமை. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் இரண்டு சொல்.

நல்ல காலமாக நம் பேச்சில் ‘கெதியா’ என்ற சொல் இருக்கிறது. அதை வைத்தே சோதிக்கலாம். சட்டெண்டு இருக்கும் இடத்தில் ‘கெதியா’ போட்டுப் பாருங்கள். பொருள் மாறாமல் நின்றால் ஆங்கிலத்தில் குயிக்லி. ‘கெதியா சாப்பிட்டு வா’ நிற்கிறது, ஆகவே குயிக்லி. ‘கெதியா கண் இருட்டிச்சு’ நிற்கவில்லை. ‘திடீரெண்டு கண் இருட்டிச்சு’ நிற்கிறது. ஆகவே சடன்லி. வகுப்பில் நான் வேறு இலக்கண விதி சொல்வதில்லை, இந்த ஒரு சோதனையைத்தான் செய்யச் சொல்கிறேன்.

‘உடனே’ என்பது மூன்றாவது. அதற்கு இமீடியட்லி அல்லது அட் வன்ஸ். உடனே என்று சொல்ல முன்னால் ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும். மணி அடித்தது, பிள்ளைகள் உடனே எழும்பினார்கள். மணி காரணம், எழும்பியது விளைவு. அங்கே சடன்லி போட்டால் மணிக்கும் எழும்பியதற்கும் தொடர்பில்லாமல் போய்விடும். ‘கெதியில மழை வரும்’ என்ற கெதியிலக்கு சூன். இதை யாரும் அவ்வளவாகக் குழப்புவதில்லை.

ஏவலோடு, அதாவது ஒருவரைப் பார்த்து ‘செய்’ என்று சொல்லும்போது, சடன்லி பெரும்பாலும் பொருந்தாது. நீங்களே சொல்லிச் செய்விக்கிற ஒன்று உங்களுக்கு எப்படி எதிர்பாராததாக இருக்கும்? ‘செய்யாதே’ என்று தடுக்கும்போது மட்டும் பொருந்தும். ஏ9 வீதியில் மாடுகள் படுத்திருக்கும் இடங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகும் தம்பிமாருக்குச் சொல்வோமே, ‘டோன்ட் பிரேக் சடன்லி’ என்று. அது சரியான ஆங்கிலம். ஏனென்றால் அங்கே திடுக்கிடப் போகிறவர் பின்னால் வருகிறவர்.

நான்காம் படி: வசனத்தில் எங்கே வைப்பது

மூன்று இடங்கள் உண்டு.

வசனத்தின் முன்னால் வைக்கலாம். ‘சடன்லி, த லைட்ஸ் வென்ட் அவுட்.’ எழுதும்போது சடன்லிக்குப் பிறகு ஒரு காற்புள்ளி போடுவது வழக்கம். இப்படி வைத்தால் முழுக் காட்சியும் மாறுகிறது. கதையில் இதுதான் அதிகம்.

நடுவில், வினைக்கு முன்னால் வைக்கலாம். ‘த பஸ் சடன்லி ஸ்டொப்ட்.’ கதை ஓட்டத்தை அதிகம் குழப்பாத இடம் இது. துணை வினை இருந்தால் அதற்கும் முதன்மை வினைக்கும் இடையில் போக வேண்டும்: ‘த லைட்ஸ் ஹாவ் சடன்லி கோன் அவுட்.’ வாஸ், வேர் போன்றவை தனியாக நின்றால் அவற்றுக்குப் பின்னால்: ‘ஷீ வாஸ் சடன்லி அஃப்ரெய்ட்.’

கடைசியிலும் வைக்கலாம். ‘த பஸ் ஸ்டொப்ட் சடன்லி.’ இங்கே பஸ் எப்படி நின்றது என்பதில்தான் கவனம் போகிறது. யாரோ ஒருவரின் தலை முன் சீற்றில் அடிபட்டிருக்கும் என்று கேட்பவர் ஊகிக்கிறார்.

வைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் வைக்கக் கூடாது. ‘ஹி ஓப்பின்ட் சடன்லி த டோர்’ பிழை. தமிழில் ‘அவன் கதவைத் திடீரென்று திறந்தான்’, ‘திடீரென்று அவன் கதவைத் திறந்தான்’, ‘அவன் திடீரென்று கதவைத் திறந்தான்’ எல்லாம் சரி. வேற்றுமை உருபு இருப்பதால் சொற்கள் இடம் மாறினாலும் தமிழ் கலங்காது. ஆங்கிலத்தில் இடம்தான் உருபு. வினையும் அது தொடும் பொருளும் ஒட்டியே நிற்க வேண்டும்.

ஐந்தாம் படி: எந்தக் காலத்தோடு

பெரும்பாலும் சாதாரண இறந்த காலம்தான். ஒன்று நடந்து கொண்டிருக்கும்போது இன்னொன்று குறுக்கே வருவதைச் சொல்லும் அமைப்பைப் பழகி வையுங்கள். கட்டுரைக்கு மிகவும் பயன்படும்: ‘வீ வேர் வோக்கிங் ஒன் த பண்ட் வென் சடன்லி அன் எலிபன்ட் கேம் அவுட்.’ நாங்கள் குளக்கட்டில் நடந்து கொண்டிருந்தோம், அது நீளும் செயல். யானை வெளியே வந்தது, அது ஒரு புள்ளி. சடன்லி அந்தப் புள்ளியோடு ஒட்ட வேண்டும். ‘வீ வேர் சடன்லி வோக்கிங்’ என்று நீளும் செயலோடு ஒட்டினால் வேறு பொருள் வந்துவிடும். கண்மூடித் திறப்பதற்குள் நடக்கிற நிலைக்கு மாறிவிட்டோம் என்று ஆகும். அப்படி ஒரு பொருள் வேண்டிய இடமும் இருக்கிறது: ‘சடன்லி எவ்ரிவன் வாஸ் க்ரையிங்.’ ஆனால் அது தெரிந்து செய்ய வேண்டியது.

மனதுக்குள் நடப்பதற்கும் இந்தச் சொல் நன்றாகப் பொருந்தும். ‘ஐ சடன்லி ரிமெம்பர்ட்’, ‘ஐ சடன்லி அண்டர்ஸ்டூட்’. எதிர்காலத்தோடு எச்சரிக்கையாகவும் வரும்: ‘ப்ரைசஸ் மே சடன்லி ஃபோல்.’ அறுவடை நேரத்து நெல் விலையைப் பற்றி எழுத உதவும்.

ஆறாம் படி: திடீர் வேறு, திடீரென்று வேறு

இது அழகான ஒற்றுமை. தமிழில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘திடீர்’ வரும், வினைக்கு முன்னால் ‘திடீரென்று’ வரும். ஆங்கிலத்திலும் அப்படித்தான். பெயருக்கு முன்னால் சடன், வினையோடு சடன்லி. நம் ‘என்று’ செய்யும் வேலையை அங்கே ‘லி’ செய்கிறது. திடீர் மழை என்றால் ‘அ சடன் ஷவர்’. திடீரென்று மழை பெய்தது என்றால் ‘இட் சடன்லி ஸ்டார்ட்டட் டு ரெயின்’. ‘சடன்லி ரெயின்’ என்று பெயரோடு ஒட்டி எழுதும் பிள்ளையிடம் ‘திடீரென்று மழை’ என்று வாசிக்கச் சொன்னால் போதும். ஏதோ குறைகிறது என்று காதே சொல்லிவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தமிழில் ‘திடீர்’ வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் சடன் வராது. பத்திரிகைத் தமிழில் இந்தச் சொல்லை நாம் தாராளமாகப் போடுகிறோம். ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறது. திடீர் வெள்ளம் ஃப்ளாஷ் ஃப்ளட். அறிவிக்காமல் வைக்கும் திடீர்ப் பரீட்சை சர்ப்ரைஸ் டெஸ்ட். அதிகாரி முன்னறிவிப்பில்லாமல் வந்தால் சர்ப்ரைஸ் விசிட். 2024 நவம்பர் 14 அன்று நடந்த பாராளுமன்றத் தேர்தலை ஆங்கிலச் செய்திகள் ஸ்னாப் இலெக்‌ஷன் என்று எழுதின, சடன் இலெக்‌ஷன் என்றல்ல. சுடுதண்ணீர் ஊற்றியவுடன் ஆயத்தமாகும் திடீர் உணவு இன்ஸ்டன்ட் ஃபுட். திடீர் மரணம் மட்டும் அப்படியே சடன் டெத். ஆனால் நம் கண்ணீர் அஞ்சலிப் பிரசுரங்களில் வரும் ‘அகால மரணம்’ வேறு. காலம் வருமுன் போனது என்று பொருள், அதற்கு அன்டைம்லி. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம், இரங்கல் கடிதத்தில் ஒரு சொல் தவறினாலும் அது மனதில் நிற்கும்.

ஏழாம் படி: பக்கத்து வீட்டுச் சொற்கள்

ஒல் ஒஃப் எ சடன் என்பது சடன்லியேதான், பேச்சில் இன்னும் கொஞ்சம் இயல்பாக இருக்கும். நடுவில் ‘எ’ வர வேண்டும். ‘த சடன்’ என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், பரீட்சையில் எழுத வேண்டாம். அன்எக்ஸ்பெக்டட்லி என்பதில் எதிர்பாராமை மட்டும் இருக்கிறது, கணப்பொழுது இல்லை. பத்து வருடமாகத் தொடர்பில்லாத சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்தால் இந்தச் சொல். அப்ரப்ட்லி என்பது அறுந்தாற்போல் நிற்பதற்கு: பேசிக் கொண்டிருந்தவர் பாதியில் வெட்டி நிறுத்துகிறார். அதில் கொஞ்சம் முரட்டுத்தனமும் ஒலிக்கும். எதிர்ச்சொல் வேண்டுமானால் க்ராஜுவலி, படிப்படியாக.

எட்டாம் படி: எப்போது விட்டுவிடுவது

சொல்லைப் பழகியவுடன் எல்லா வசனத்திலும் போட ஆசை வரும். அமெரிக்க நாவலாசிரியர் எல்மோர் லெனார்ட் 2001இல் நியூயோர்க் டைம்ஸில் எழுத்தாளருக்கான பத்து விதிகளை எழுதினார். அவற்றில் ஒன்று, சடன்லி என்ற சொல்லைப் பயன்படுத்தவே கூடாது என்பது. பள்ளிக் கட்டுரைக்கு அவ்வளவு கடுமை தேவையில்லை என்பது என் எண்ணம். ஆனால் அந்த விதியைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பது நமக்கு, அதுவும் தமிழருக்கு, மிகவும் பயனுள்ளது.

தமிழில் நாம் ‘என்று’ சேர்ந்த ஒலிக்குறிப்புகளால் நிகழ்ச்சியின் உயிரைச் சொல்கிறோம். கதவு படாரென்று சாத்தியது. குபீரென்று சிரித்தாள். பாம்பு விருட்டென்று பற்றைக்குள் போனது. பட்டென்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். இவற்றை மொழிபெயர்க்கும்போது பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் சடன்லியைப் போடுகிறார்கள். ‘ஷீ சடன்லி லாஃப்ட்’, ‘த டோர் சடன்லி க்ளோஸ்ட்’. இலக்கணப் பிழை இல்லை. ஆனால் குபீரும் படாரும் செத்துப் போய்விட்டன.

ஆங்கிலம் அந்த உயிரை வேறு இடத்தில் வைத்திருக்கிறது, வினைச்சொல்லுக்குள்ளேயே. குபீரென்று சிரித்தாள்: ‘ஷீ பர்ஸ்ட் அவுட் லாஃபிங்.’ படாரென்று சாத்தியது: ‘த டோர் ஸ்லாம்ட்.’ விருட்டென்று போனது: ‘த ஸ்னேக் டார்ட்டட் இன்டு த புஷ்.’ விருட்டென்று எழும்பினான்: ‘ஹி ஸ்ப்ராங் அப்.’ இந்த வினைகளுக்குள் திடீர் ஏற்கெனவே இருக்கிறது, பக்கத்தில் சடன்லி போடத் தேவையில்லை. ஒரு சிறு கொப்பி வைத்து, இடப்பக்கம் நம் ஒலிக்குறிப்பு, வலப்பக்கம் ஆங்கில வினை என்று நாளுக்கு ஒன்றாக எழுதி வாருங்கள். அம்மம்மாமார் பேசுவதைக் கேட்டால் இடப்பக்கத்துக்குப் பஞ்சமே வராது.

கடைசிப் படி: ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

‘மறக்க முடியாத ஓர் இரவு’ என்று எழுதச் சொன்னபோது ஒரு பிள்ளை 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி எழுதினாள். அந்த மாதம் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்டுக் கனகராயன் ஆற்றுப் பக்கம் எங்கும் தண்ணீர். அவள் அப்போது சின்னப் பிள்ளை. பத்தியின் சாரம் இது: சடன்லி மழை வந்தது. சடன்லி கரண்ட் போனது. சடன்லி நாய் குரைத்தது. சடன்லி அப்பா எழும்பினார். சடன்லி தண்ணீர் வீட்டுக்குள் வந்தது.

ஐந்து சடன்லி. பக்கத்தில் இருத்தி ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

மழை? ‘முதல் நாளே தொடங்கிட்டுது ரீச்சர்.’ அப்படியென்றால் சடன்லி இல்லை. ‘இட் வாஸ் ஸ்டில் ரெயினிங்’ என்று மாற்றினாள்.

கரண்ட்? ‘மழை எண்டால் போகும்தானே.’ சரி, அதுவும் வேண்டாம். ‘த லைட்ஸ் வென்ட் அவுட்’ போதும். வென்ட் அவுட் என்பதிலேயே அணைகிற கணம் இருக்கிறது.

அப்பா? நாய் குரைத்ததால் எழும்பினார். காரணம் முன்னால் இருக்கிறது, ஆகவே ‘அட் வன்ஸ்’.

தண்ணீர்? அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள், தண்ணீர் வந்ததை அவள் பார்க்கவில்லை. இருட்டில் கட்டிலை விட்டு இறங்கக் காலை வைத்தபோது பாதம் நனைந்தது, கணுக்கால் வரை குளிர்ந்தது. அதை அப்படியே எழுதச் சொன்னேன். எழுதினாள்: ‘ஐ புட் மை ஃபுட் டவுன், அன்ட் சடன்லி தேர் வாஸ் வோட்டர்.’ அந்த இடத்தில் வேறு எந்தச் சொல்லும் நிற்காது.

ஒன்று மிச்சம் இருந்தது. நாயின் வசனத்தில் கை வைத்தபடி யோசித்துவிட்டு, நான் கேட்குமுன்பே தானாக அந்தச் சொல்லை வெட்டினாள்.

‘நாய்க்கு முதலே தெரியும் ரீச்சர். அதுக்குச் சடன்லி வேண்டாம்.’